சென்னையை நினைக்கும்போது கடலூரை மறக்கிறோம்

2015 வெள்ளம் என்றதும் செம்பரம்பாக்கம் ஏரியும் அடையாறும்தான் நினைவுக்கு வருகின்றன. விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் அண்மையில் பேசிக்கொண்டிருந்தபோதும் முதலில் வந்தது சென்னைதான். அந்த ஊர் இருக்கும் கடலூர் மாவட்டமோ, சென்னை மூழ்குவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, நவம்பர் 9-ஐ ஒட்டிப் பெய்த பெருமழையில் சிதைந்துபோயிருந்தது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது.

ஊடகங்களின் தலைநகர மோகம் இதற்கு ஒரு காரணம். ஆனால், அது மட்டுமல்ல. உளவியலாளர்கள் மைக்கேல் ஆண்டர்சன், ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் ஆகியோர் 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பழங்கள் போன்ற வகைகளின்கீழ் சொற்களைப் படித்தவர்கள், சில வகைகளில் பாதிச் சொற்களை மட்டும் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தனர். அதே வகைகளில் விடுபட்ட மறுபாதி, தொடப்படாத வகைகளின் சொற்களைவிடவும் அதிகமாக மறந்துபோயிருந்தது. அதாவது, நினைவுகூரப்படுவதற்கு நெருக்கமாக இருப்பதே ஆபத்தாகிவிடுகிறது. ஒருவர் பேச, கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் இவ்வாறே நேர்வதை 2007-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. சொற்பட்டியலில் கண்டதை ஒரு மாவட்டத்துக்குப் பொருத்துவது என் ஊகமே. எனினும் பொருந்துகிறது என்றே கருதுகிறேன்.

டிசம்பர் 26 வந்தால் கடலூர்க் கரையில் 2004 ஆழிப்பேரலைக்கு மலரஞ்சலி. செய்ய வேண்டியதுதான். நான்கே நாள்கள் கழித்து வரும் டிசம்பர் 30, தானே புயல் 2011-இல் கரையைக் கடந்த நாள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மறுநடவு செய்த முந்திரி முழு விளைச்சலுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த இழப்பு ஒரு நாளில் முடிந்ததன்று. ஆனால், அதற்கென்று பொது நினைவில் ஒரு நாள் இல்லை.

சேதக் கணக்கெடுப்பில் இது பணப் பிரச்சினையாகிறது. வீடு இடிந்ததா, மாடு இறந்ததா என்று அடுக்கடுக்காகக் கேட்டால், அவற்றைச் சொல்பவருக்கு, கேட்கப்படாத விதைநெல்லும் குத்தகைத் தோப்பின் இழப்பும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராமல் போகலாம். கோப்பில் ஏறாததற்கு நிவாரணமும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் படிவத்தைப் பிரிப்பதற்குமுன், “என்னவெல்லாம் போயிற்று?” என்று கேட்டு, பாதிக்கப்பட்டவரைத் தடுக்காமல் பேசவிட வேண்டும். அதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.