வீடியோ போட்டால் பாடம் முடிஞ்சுதா?

வகுப்பில் வீடியோவே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இதயம் குருதியைத் தள்ளுவதை வெண்கட்டியால் கீறிக் காட்டுவதைவிட மூன்று நிமிட வீடியோ வடிவாய்க் காட்டும். என்ர கோபம் வேற.

தமிழில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குச் செய்தவை. அங்கே 'ஒளிச்சேர்க்கை', எங்கட புத்தகத்தில் 'ஒளித்தொகுப்பு'. அங்கே 'முடுக்கம்', இங்கே 'ஆர்முடுகல்'. சொல் மட்டும் எண்டால் சமாளிக்கலாம். புவியியலில் விசயமே மாறுகிறது. அங்கே வடகிழக்குப் பருவமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. எங்களுக்கோ ஒக்டோபரும் நவம்பரும் இடைமொன்சூன். வடகீழ் மொன்சூன் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை. இதை மாறி எழுதிப் புள்ளி இழக்கப்போவது பிள்ளை, வீடியோ செய்தவர் இல்லை.

"பாருங்கோ பிள்ளையள்" என்று போட்டுவிட்டு இடாப்பு நிரப்பப் போகும் ஆசிரியர்களையும் தப்பவிட ஏலாது. ஒரு பாடவேளையில் நாலு நிமிட வீடியோ போதும். நடுவில் நிப்பாட்டி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்க வேண்டும். சொல் மாறுகிற இடத்தில் எங்கட சொல்லைப் பலகையில் எழுத வேண்டும். அதைச் செய்ய வீடியோவால் ஏலாது, ஆசிரியரால்தான் ஏலும்.

கல்வி அமைச்சிடம் ஈ-தக்சலாவ என்ற தளம் இருக்கிறது. ஸ்மார்ட் போர்டுக்கு நாடா வெட்ட வரும் ஆக்கள், அதில் போட எங்கட பாடத்திட்டத்துக்குப் பொருந்தின தமிழ் வீடியோ பாடத்துக்கு எத்தனை இருக்கென்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். பிறகு கத்திரிக்கோலைத் தூக்கலாம்.