நாற்பது கேள்வி, ஒரு டாக்டர்!

ஒரு நிமிஷம் நீங்கள் ஏற்காடு மலையில், மாரமங்கலத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாதம். காபிப் பழம் செடியில் சிவந்து நிற்கிறது. கூடையோடு கிளம்பும் நேரத்தில் கையில் ஃபைலுடன் ஓர் இளைஞர் வந்து நிற்கிறார். ‘பி.எச்டி. பண்றேம்மா... பத்தே நிமிஷம்!’

கேள்விகள் நாற்பது. ‘மாத வருமானம் எவ்வளவு?’ எந்த மாதத்து வருமானம்? பழம் பறிக்கிற டிசம்பரா, பறிக்க ஒன்றுமில்லாத ஜூனா? ‘சொந்த நிலம் எத்தனை ஏக்கர்?’ பட்டா தாத்தா பேரில். பாடுபடுவது அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும். இதில் உங்கள் பங்கு எத்தனை ஏக்கர்? ‘அரசுத் திட்டங்களில் திருப்தியா?’ ஃபைலோடு வந்தவர் ஆபீஸ் ஆளோ என்று உள்ளுக்குள் பயம். ‘ரொம்ப திருப்தி சார்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள்.

தீர்ந்தது. நீங்கள் ஒரு எண் ஆகிவிட்டீர்கள். கம்ப்யூட்டர் உங்களைக் கூட்டிக் கழித்து சதவிகிதம் போடும். ‘மலைவாழ் மக்கள் அரசுத் திட்டங்களில் பெரும் திருப்தி’ என்று ஆய்வேடு சொல்லும். அவர் டாக்டர். நீங்கள் அரை நாள் கூலி போனவர்.

அந்த இளைஞரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். 2009-லேயே ஆய்வு முறையியல் பாடத்தைக் கட்டாயமாக்கிவிட்டது யு.ஜி.சி. பாடம் இருக்கிறது. ஆனால், எத்தனை பேரிடம் கேட்பது, எந்த டெஸ்ட் போடுவது என்பதோடு பல இடங்களில் அது முடிந்துவிடுகிறது. யாரிடம் கேட்கிறோம், எந்தப் பருவத்தில் கேட்கிறோம், யாரைக் கேட்காமல் விட்டோம், எல்லாவற்றுக்கும் மேலாக ‘நான் நினைப்பது தப்பு என்றால் அது எனக்கு எப்படித் தெரியவரும்?’ என்பதையெல்லாம் முதலிலேயே யோசிப்பதுதானே ஆய்வு வடிவமைப்பு!

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1983-லேயே தன் புத்தகத்தில் போட்டு உடைத்தார். படித்தவர்கள் கிராமத்துக்குப் போனால் தார் ரோட்டு ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். மழை இல்லாத மாதத்தில் போகிறார்கள். ஆண்களையும் பெரிய மனுஷர்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மலையில் இது இன்னும் மோசம். பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே, ஒற்றையடிப் பாதையில் இருக்கிற வீடு எந்த சாம்பிளில் வரும், சொல்லுங்கள்!

நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் திரட்ட வைத்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் போன்ற ஊர்கள் 1918-ல் புத்தகமாக வந்தன. 1936-37-ல் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1980-களில் எஸ்.குஹன் போன்றவர்கள் திரும்பவும் இருவேல்பட்டுக்கும் தூசிக்கும் போனார்கள். எதை, யாரிடம், எப்படிக் கேட்டோம் என்று முன்னவர்கள் எழுதி வைத்ததால்தான் பின்னவர்களால் ஒப்பிட முடிந்தது. இன்றைய ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு 2080-ல் ஒருவர் மாரமங்கலத்துக்கு வந்தால் என்ன ஒப்பிடுவார்? ‘ரொம்ப திருப்தி சார்’ என்பதையா?

‘மூணு வருஷத்துல முடிக்கணும் சார், உதவித்தொகையும் நேரத்துக்கு வராது’ என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் நானூறு பேர் எதற்கு? நாற்பது வீடு போதும். பழம் பறிக்கும்போது ஒரு தடவை, வேலை இல்லாதபோது ஒரு தடவை போங்கள். கேள்வித்தாளை அச்சடிக்கும் முன்னால் ஒரு வாரமாவது சும்மா உட்கார்ந்து கேளுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே செத்துவிடும். சாகட்டும்!

கடைசியாக ஒன்று. பட்டம் வாங்கியதும் அதே ஊருக்குப் போய், கண்டுபிடித்ததைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். கூடையோடு நிற்கிற அந்த அம்மா ‘நான் இப்படியா சொன்னேன்?’ என்று கேட்டால், உங்களுக்கு வைவா இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.