எஞ்சின் நின்றால் தமிழில் கேட்போம்

‘தமிழ் அறிவியலுக்கு ஏற்ற மொழிதானா?’ பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களுக்கு இது அலுக்காத தலைப்பு. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது நம் சமுதாயம் இதைப் பேசியது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது மீண்டும் பேசியது. பட்டிமன்றத்தில் நடுவர் ‘ஏற்ற மொழியே’ என்று தீர்ப்பளிப்பார். நாமும் கைதட்டிக் கலைவோம். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் நம்மில் ஒருவரும் தமிழில் வாய் திறப்பதில்லை. இந்த வழக்கில் நான் கண்ட சாட்சி ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். அது கைப்பிடி அளவே உள்ள ஓர் எஞ்சின்.

மாதிரி விமானங்களில் பொருத்தப்படும் இந்த இருவீச்சு எஞ்சினில் மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தீப்பொறி பிளக் கிடையாது. அதன் பிளக்கினுள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1.5 வோல்ட் மின்கலத்தால் சுருளைச் சூடாக்கி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கிளம்பியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது ஏற்படும் வினையும், உருளையின் அழுத்தமும் வெப்பமும் சுருளைத் தொடர்ந்து கனல வைக்கும். எரிபொருளில் மெத்தனாலோடு எண்ணெயும், பெரும்பாலும் சிறிதளவு நைட்ரோமீத்தேனும் கலந்திருக்கும்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து வாங்கிய எங்கள் எஞ்சின் கிளம்பும்; பத்து விநாடி சீறும்; பிறகு நின்றுவிடும். நாங்கள் பொறியியல் மாணவர்கள் அல்லவா? உடனே ஊசித் திருகைத் திருகினோம். பிளக்கை மாற்றினோம். புதிய எரிபொருள் வாங்கினோம். மீண்டும் திருகினோம். எதை மாற்றியதால் என்ன ஆனது என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. கடைசியில், ‘எஞ்சினே சரியில்லை, புதிதாக வாங்குவோம்’ என்று முடிவு செய்தோம்.

கிள்ளானில் எங்கள் வீட்டருகே ஓர் அண்ணன் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் சைக்கிளும் புல் வெட்டும் இயந்திரமும் பழுது பார்ப்பார். ஒரு திருப்புளி இரவல் வாங்கத்தான் அவரிடம் போனேன். கையிலிருந்த எஞ்சினைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “எப்ப நிக்குது தம்பி?”

‘ஏன்’ என்று அவர் கேட்கவில்லை. ‘எப்போது’ என்றுதான் கேட்டார். எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. எஞ்சினைக் கிளப்பிக் காட்டினேன். காது கொடுத்துக் கேட்டார். “சத்தம் ஏறிட்டுச் சாவுது. எண்ணெ பத்தல, இல்லன்னா எங்கயோ காத்து இழுக்குது,” என்றார். மறுபடி கிளப்பச் சொல்லி, சுழலிக்குப் பின்பக்கமாக நின்றுகொண்டு எரிபொருள் குழாயை ஒரு கணம் நசுக்கிவிட்டார். வேகம் உடனே விழுந்தது. “பாத்தியா? எண்ணெ அதிகமா போயிருந்தா, நசுக்கினதும் வேகம் கொஞ்சம் ஏறியிருக்கும். இதுக்கு ஏற்கனவே பசி.”

பிறகு குழாயைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, டியூப்பில் ஓட்டை பார்ப்பது போலத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதினார். உலோக முனையில் செருகும் இடத்தருகே குமிழிகள் வந்தன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீண்டும் செருகினார். எஞ்சின் நிற்காமல் ஓடியது. காசு வாங்கவில்லை.

அன்று கற்றதையும் பின்னர் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மின்கலத்தை எடுத்ததும் நின்றால் பிளக்கையும், ஈரம் ஏறிய எரிபொருளையும், அளவுக்கு மீறி எண்ணெய் போவதையும் சந்தேகியுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். நம் நாட்டுப் புழுக்கத்தில் கலனை இறுக மூடாவிட்டால் விரைவில் கெடும். சத்தம் ஏறி நின்றால் அடைப்பு, வெடித்த குழாய், அதிகமாக மூடிய ஊசித் திருகு ஆகியவற்றைப் பாருங்கள். மூக்கைத் தூக்கினால் மட்டும் நின்றால் தொட்டியின் உயரத்தையும், தொட்டிக்குள் குழாய் முனையில் தொங்கும் குண்டு தடையின்றி அசைகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். சுழலிக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ நிற்காதீர்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறவாதீர்கள்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் நான். காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தை மலாயில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தேன். தேர்வில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஆனால் எஞ்சின் கண்ணெதிரே நின்றபோது அந்தப் பாடம் கைகொடுக்கவில்லை. ‘காத்து இழுக்குது’ என்ற இரண்டு சொற்கள்தாம் காற்று எங்கே நுழைகிறது என்று தேட வைத்தன. மலாயும் ஆங்கிலமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எஞ்சினோடு வரும் கையேடே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. நம் மொழியிலும் யோசிக்கும் பழக்கத்தை ஏன் விட்டோம் என்பதே என் கேள்வி.

அறிவியல் தமிழ் என்றதும் கலைச்சொல் அகராதியையே நினைக்கிறோம். செந்தூல் இரயில்வே பட்டறையிலும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும், தோட்டத்து ஆலைகளிலும் வாழ்ந்து உழைத்த தமிழர்கள் இயந்திரங்களோடு தமிழில் பேசியவர்கள்தாம். ‘பிளக்’, ‘கார்பரேட்டர்’ என்ற பெயர்கள் கடனாக வந்தவையாக இருக்கலாம். ஆனால் அடைப்பு, கசிவு, இழுப்பு, முறுக்கு, திணறல் என நோயைச் சொல்லும் சொற்கள் நம்முடையவை. அவை ஏட்டில் ஏறவில்லை. அந்தத் தலைமுறை மறைந்தால் அவையும் மறையும்.

நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நாமும் அதைக் கொண்டாடினோம். கொண்டாட்டத்தோடு நிறுத்த வேண்டுமா? மாதிரி விமானங்கள் பல இன்று மின்மோட்டாருக்கு மாறிவிட்டன, உண்மை. மின்மோட்டாரும் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. அன்றும் ‘எப்போது நிற்கிறது?’ என்ற கேள்விதான் முதலில் வரவேண்டும்.

எனவே மன்றத்திற்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் தமிழ் குறித்த பட்டிமன்றத்தை ஓராண்டு ஒத்திவைப்போம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பட்டறை ஒன்றுக்குச் சென்று, ஒரு பழுதையும் அது தீர்ந்த விதத்தையும் அங்கே பேசிய தமிழிலேயே எழுதி வரட்டும். அடுத்த மலரில் அவற்றுக்கென இரண்டு பக்கம் ஒதுக்குவோம். முதல் பக்கத்துக்கு என்னிடம் ஒரு வெடித்த குழாய் இருக்கிறது.