கொழுந்துக்குக் கம்பி கட்டிய மலையில், ஆளுக்கு ஒரு சாய்வுப் பாதை இல்லையா?



இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் நம்முடைய பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். ரயில் பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்தது, 1893இல் அப்புத்தளைக்குப் போனது. தேயிலைப் பெட்டி கொழும்புக்கு இறங்க வேண்டும் என்பதற்காக மலையையே குடைந்தார்கள். கொழுந்து மூட்டை ஸ்டோருக்கு இறங்கக் கம்பி கட்டினார்கள். ஆனால் கால் முடியாத ஒரு தொழிலாளி தோட்ட ஆபீசுக்குள் போக ஒரு சாய்வுப் பாதை கேட்டால், "இது மலைப்பாங்கான இடம், என்ன செய்வது?" என்கிறார்கள்.

நான் படிப்பித்த பையன் ஒருவன். சின்ன வயதிலிருந்தே ஒரு கால் விளங்காது. கணக்கில் கெட்டிக்காரன், சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. ஒரு தோட்டத்தில் ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஒன்பது படி, கைப்பிடி இல்லை. கையை ஊன்றி ஊன்றி ஏறினான். உள்ளே இருந்தவர் அவன் சான்றிதழைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "படியே ஏற முடியல, இங்க எப்படி வேலை செய்வீங்க தம்பி?" என்றார். வேலையோ மேசையில் உட்கார்ந்து செக்ரோல் எழுதுவது! படியைக் கட்டியது அவர்கள். குறை மட்டும் நம் பிள்ளையிடமாம்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அங்கவீனத்தைக் காரணம் காட்டி ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 2006இல் கட்டடங்களுக்கான விதிகள் வந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே போராடிய கலாநிதி அஜித் பெரேராவின் வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படியே கட்டப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27ஆம் திகதி கட்டளையிட்டது. அரசாங்க வேலைகளில் 3 வீதம் ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பெடுத்த கம்பனிகளை அந்த 3 வீதம் கட்டாது. அவர்களும் அதைத் தேடிப்போகவில்லை.

சரி, சட்டத்தை ஒரு பக்கம் வைப்போம். கம்பனிக்கு நன்றாக விளங்கும் பாஷை இலாப நட்டக் கணக்கு. அந்தப் பாஷையிலேயே பேசுவோம்.

தோட்டத்தில் ஆள் இல்லை, இளைஞர்கள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று துரைமார் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் புலம்புகிறார்கள். அதே தோட்டத்து லயத்தில், வேலை செய்ய மனமும் கையும் உள்ளவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில், 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் ஏதோ ஒரு இயலாமையோடு இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அது 16 இலட்சம் பேருக்கும் மேல். இத்தனை பேரை ஒதுக்கிவிட்டு ஆள் பற்றாக்குறை என்று அழுவது யார் குற்றம்?

ரோலரில் விரல் போன ஸ்டோர்காரரை நினைத்துப் பாருங்கள். இருபது வருஷ அனுபவம். இலை சரியாக வாடியிருக்கிறதா என்று மூக்கிலேயே சொல்வார். 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டப்படி ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். போனது இரண்டு விரல். கம்பனி எறிந்தது இருபது வருஷத் தொழில் அறிவை. புதிதாக வருபவருக்கு அதைப் பழக்க எத்தனை வருஷம், எத்தனை கிலோ தூள் பழுதாகும்? அந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் எழுதுவதில்லை.

மலையைச் சமப்படுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தவறணையில் பை நிரப்புவது, மடுவத்தில் நிறுவை எழுதுவது, தூள் தரம் பிரிப்பது, பொதி செய்வது, செக்ரோல் எழுதுவது எல்லாம் உட்கார்ந்து செய்யக்கூடியவை. ஆபீசுக்கும் டிஸ்பென்சரிக்கும் போடும் சாய்வுப் பாதையில் கர்ப்பிணித் தாயும் போவார், முழங்கால் தேய்ந்த பாட்டியும் போவார், மூட்டை தூக்குபவரும் போவார்.

இது கனவல்ல. மூணாறில் தேயிலைத் தொழிலாளரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக 1991இல் ஸ்ருஷ்டி தொடங்கப்பட்டது. அங்கே அவர்கள் இயற்கைச் சாயம் தோய்த்த துணி, கைக்காகிதம், ஸ்ட்ரோபெரி ஜாம் செய்கிறார்கள். துணி வெளிநாட்டுக்கும் போகிறது. ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஆரம்ப காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்து வருகிறது. இவை தருமத்துக்கு நடப்பவை அல்ல, பொருள் விற்கிறது.

நம் கம்பனிகளோ பழைய பங்களாக்களைச் சுற்றுலா விடுதிகளாக்குகின்றன. உலகில் 6 பேரில் ஒருவர், ஏறக்குறைய 130 கோடிப் பேர், ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த விருந்தாளிக்கு நாளைக்குச் சாய்வுப் பாதை போடத்தான் போகிறார்கள். தொழிலாளிக்கு இன்றைக்குப் போட்டால் என்ன?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இலாபம் வந்தால்தான் உரிமை என்று நாம் சொல்லவில்லை. இலாபம் வராவிட்டாலும் உரிமை உரிமைதான். நட்டம் என்று சொல்லி மறுக்கிறார்களே, அந்தச் சாக்கு பொய் என்பதைத்தான் காட்டுகிறோம்.

நம் பக்கமும் குறை இருக்கிறது. மாடி மண்டபத்தில் கூட்டம் வைத்துவிட்டு, ஏற முடியாதவர் வரவில்லை என்று நாமே பெயரை வெட்டியிருக்கிறோம். விருந்தாளி வந்தால் பிள்ளையை உள்காம்பராவில் மறைக்கும் வீடுகளும் உண்டு. அதையும் நிறுத்த வேண்டும்.

அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் வைக்க வேண்டியவை இவை:

1. ஆபீஸ், டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா, மடுவம் ஆகியவற்றுக்குச் சாய்வுப் பாதையும் கைப்பிடியும்.
2. வேலையில் அடிபட்டவரின் பெயரை வெட்டாமல், அவரால் முடிந்த வேலையில் திரும்ப அமர்த்த வேண்டும்.
3. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதற்காக அரைப்பேர் போடக்கூடாது. முழு நாள் வேலைக்கு முழுப்பேர்.
4. நிறுவையைச் சத்தமாகச் சொல்வதோடு எழுதியும் காட்ட வேண்டும். காது கேளாதவருக்கும் தன் கிலோ தெரிய வேண்டும்.

உங்கள் லயத்தில் இப்படி வீட்டில் முடங்கியிருப்பவர்களின் பெயரை, அவர்களிடம் கேட்டு, தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். இன்று நடக்கிற நமக்கும் நாளைக்கு ஒரு குளவிக் கூடோ, ஒரு வழுக்குப் பாறையோ காத்திருக்கிறது. அந்தப் பட்டியலோடு நாம் ஆபீஸ் படி ஏறுவோம். அடுத்த முறை அங்கே படி மட்டும் இருக்கக்கூடாது.