வழக்கு திரும்பி வந்தால் காணி வந்துவிடாது

வெளியேற்றக் கட்டளையை மேல் நீதிமன்றம் இரத்துச் செய்து, மறுபடி விசாரிக்கும்படி நீதவானிடம் அனுப்பினால், வென்றுவிட்டோம் என்று லயத்தில் பட்டாசு கொளுத்துகிறோம். கொஞ்சம் பொறுப்போம்.

1992இல் கம்பனிகள் குத்தகைக்கு எடுத்த தோட்டங்களின் காணி இன்றும் அரசுடையதுதான். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின்படி, வெளியேறும் அறிவித்தலுக்குப் பணியாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றம் போகும். அங்கே சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று: அரசு எழுத்தில் தந்த, இன்னும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்பது. பாட்டன் காடு வெட்டிய கதை எடுபடாது. லயத்தை நினைத்து எழுதிய சட்டமா இது!

கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். நீதவான் சட்டப்படி நடந்தாரா, நமக்குப் பேச இடம் கொடுத்தாரா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். காணி யாருக்கு என்று தீர்க்கமாட்டார்கள். வழக்கு திரும்பினால் மறுபடியும் அதே கேள்வி: பத்திரம் எங்கே?

7 பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு சங்கம் விடாமல் நிற்பது இதற்காகத்தான்.

தாமதித்தால் மீளாய்வும் கைவிடும். அறிவித்தல் வந்த அன்றே உறையோடு சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். துரை எழுதித் தந்த துண்டு அனுமதிப்பத்திரம் ஆகாது. ஆனாலும் எறியாதீர்கள், சட்டத்தரணி பார்க்கட்டும். வழக்குள்ள குடும்பங்கள் அடுத்த தவணைத் தேதியை இந்த வாரமே தோட்டத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.