செம்பு முதலில், பீப்பாய் பிறகு

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது தொடங்கிய பல்லவி இன்னும் ஓயவில்லை: “தோட்டத்தில் லைன் இல்லை, பிள்ளை எப்படிப் படிக்கும்?” நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்கள் பலவற்றில் இணையம் மெலிந்தே வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதைச் சீர்செய்வது அரசின் கடமை. ஆனால், வருகின்ற சிற்றளவை வீட்டில் யாருக்குக் கொடுக்கிறோம்? அதற்கு அரசா பொறுப்பு?

லயத்தில் வாழ்ந்த மூத்தோர்க்குப் பொதுக்குழாய் நீதி தெரியும். குழந்தைக்குப் பால் கரைக்கச் செம்போடு வருபவர்க்கு, பீப்பாய் நிரப்புபவர் வழிவிடுவார். கணினிக்கு அந்த நீதி தெரியாது. ஆசிரியரின் குரல் ஒரு செம்பு நீர். நொடிக்கு நூறு கிலோபிட்டே அதற்குத் தாராளம். விளையாட்டுக் கோப்பைத் தரவிறக்கும் நிரலியோ கிடைப்பதையெல்லாம் குடிக்கும் பீப்பாய்.

அதனினும் கொடியது பதிவேற்றம். வீட்டு இணையத்தில் மேலேறும் பாதை பெரும்பாலும் குறுகலானது. திருமணப் படங்களை இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் நிரலி அதை அடைத்துவிட்டால், பிள்ளையின் குரல் வரிசையில் சிக்கும். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கணினி அனுப்பும் ஒப்புகைகளும் தாமதமாகும். ஆகவே தரவிறக்கமும் தள்ளாடும். நாமோ கோபுரத்தைத் திட்டுகிறோம்!

“பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்” என்பார் சிலர். குழாய் பெருத்தால் பீப்பாயும் பெருக்கும், செலவுதான் மிச்சம். காசில்லா மருந்து கையிலேயே உள்ளது. விண்டோஸில் அந்த இணைப்பை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ எனக் குறித்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் தள்ளிப்போகும். ஒன்டிரைவும் ஒத்திசைவை நிறுத்திவைக்கும். நம் கணினியிலிருந்து புதுப்பிப்புகளைப் பிறர் கணினிகளுக்கு அனுப்பும் வசதியை அணைத்துவிடலாம். திசைவிகள் பலவற்றில் முன்னுரிமை அமைப்பு உண்டு. அங்கே பிள்ளையின் கணினிக்கு முதலிடம் கொடுக்கலாம்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். முப்பது பிள்ளைகளும் ஒளிப்படக்கருவியைத் திறந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பது முறையா? மெலிந்த இணையத்தில் முகம் காட்டச் சொல்லிக் குரலைக் கொல்வது கற்பித்தலாகாது.

2020-இல் கல்வி அமைச்சு வெளியிட்ட ஆய்வின்படி 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்கருவியும் இல்லை. அவர்களுக்காகக் குரல் கொடுப்போம். ஆனால், கருவியும் இணைப்பும் உள்ள வீட்டில் பாடம் கடைசி வரிசையில் நிற்குமானால், அது வறுமையன்று, அக்கறையின்மை. வெள்ளமோ புகைமூட்டமோ பள்ளியை மீண்டும் மூடுமுன், பெற்றோரே, இன்றே வரிசையைத் திருத்துங்கள்.