தீவாகிவிட்ட காடு

இரும்புலியூருக்கு வடபால், 1937-இல் தாம்பரத்தில் குடியேறிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் புதர்க்காடு. தென்பால் வண்டலூர்க் காப்புக்காடு. இவ்விரண்டிற்கும் இடையே இன்று வீடுகளும் சாலைகளும் நெருங்கிவிட்டன. கல்லூரிக் காட்டில் இன்னும் புள்ளிமான் மேய்கிறது. ஆதலால் கவலையில்லை என்பார் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. கடல் சூழ்ந்த தீவைப் போலத் தனித்துவிட்ட காட்டில் ஓர் இனம் நசித்தால், அதன் சுற்றம் வெளியிலிருந்து வந்து சேர்வது அரிது. சீமைக் கருவேலம் போன்ற அந்நியச் செடிகளே காலியிடத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சை குறையாது, ஜீவராசிகளின் வகை குறையும்.

2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சி, இடையிலுள்ள ஏரிக்கரைகளில் நாட்டு மரங்களையும் புதர்களையும் வளர்த்துக் காக்க வேண்டும். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் அவையே வழிச்சத்திரங்கள். சத்திரத்தை இடித்துவிட்டு, வழிப்போக்கர் வரவில்லையே என்று வருந்துவதில் பயன் என்ன?